கோபன்ஹேகன், ஆகஸ்ட் 1952: மூச்சுத் தசைகள் செயலிழந்த ஒரு சிறுமி – செவிலிய மாணவர்களுக்கான நிகழ்வு ஆய்வு

ஆய்வின் நோக்கம்

சுவாச மண்டலத்தைப் பாடமாகப் படிக்கும்போது மூச்சுக்குழாய், நுண்ணறைகள், உதரவிதானம், முகுளம் என்று உறுப்புகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்துவிட முடிகிறது. ஆனால் ஒரு நோயாளி மூச்சுத் திணறிக் கிடக்கும்போது, இவற்றில் எது நின்றுபோயிருக்கிறது, எது இன்னும் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே செவிலியரின் வேலை. அப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு, டென்மார்க்கின் தலைநகரில் 1952ஆம் ஆண்டு 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு நடந்த சிகிச்சையைப் போல் தெளிவான நிகழ்வு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. சிறுமியின் பெயர் இங்கே தேவையில்லை. மருத்துவ வரலாற்றில் பதிவான மருத்துவர்களின் பெயர்கள் மட்டும் இடம்பெறுகின்றன.

பின்னணி

1952 கோடையில் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. நகரின் தொற்றுநோய் மருத்துவமனையான பிளெக்டாமில் ஜூலை இறுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை 2,700க்கும் மேற்பட்ட போலியோ நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். உச்சக் கட்டத்தில் ஒரே நாளில் ஐம்பது பேர் வரை வந்தனர். அவர்களில் சுவாசத் தசைகளோ, விழுங்கும் தசைகளோ, இரண்டுமோ பாதிக்கப்பட்டு மூச்சுக்கே ஆபத்து நேர்ந்தவர்கள் 300க்கும் மேல். மருத்துவமனையிடம் இருந்ததோ உடல் முழுவதையும் உள்ளே வைக்கும் இரும்பு நுரையீரல் ஒன்றும், மார்பை மட்டும் மூடும் கவசக் கருவிகள் ஆறும்தான். அவற்றால் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

கருவிகள் போதவில்லை என்பது இதில் ஒரு பாதி. கருவி கிடைத்தவர்களும் இறந்தார்கள் என்பதே விளக்கம் வேண்டிய மறுபாதி.

நோய் தாக்கிய இடங்கள்

போலியோ வைரஸ் தண்டுவடத்தின் முன்கொம்பில் இருக்கும் இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. கழுத்துப் பகுதியின் 3, 4, 5ஆம் தண்டுவடப் பிரிவுகளிலிருந்து கிளம்பும் நரம்பே உதரவிதானத்தை இயக்குகிறது. அமைதியாக மூச்சு வாங்கும்போது உள்ளே போகும் காற்றின் பெரும்பகுதி இந்த ஒரு தசை கீழிறங்குவதால்தான் போகிறது. மார்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வரும் நரம்புகள் விலா இடைத் தசைகளை இயக்குகின்றன. இந்த இரு இடங்களும் தாக்கப்பட்டால் மார்புக் கூடு விரிவதில்லை. நுரையீரலுக்கு, வந்து சேரும் வாயுக்களை மாற்றிக்கொள்ளத் தெரியும்; காற்றைத் தானாக இழுத்துக்கொள்ளத் தெரியாது. எனவே மார்பு விரியாத நோயாளியிடம் நுரையீரல் நன்றாக இருந்தாலும் பயனில்லாமல் போகிறது.

வைரஸ் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தை எட்டினால் நிலைமை வேறு விதமாக மோசமாகிறது. அங்குள்ள மூளை நரம்புகளின் உட்கருக்கள் செயலிழப்பதால் தொண்டை, குரல்வளை, நாக்கு ஆகியவற்றின் தசைகள் தளர்கின்றன. நோயாளியால் எச்சிலை விழுங்க முடிவதில்லை. இருமிச் சளியை வெளியேற்றவும் வலுவில்லை. குரல்வளையின் மூடி சரியான நேரத்தில் மூடாததால் வாயில் சேரும் திரவம் எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்பணுக்களும் முகுளத்திலேயே இருப்பதால், சிலருக்கு அந்தத் தாளமே குலைந்துபோகும்.

உணர்வு நரம்புகளை இந்த நோய் பொதுவாகத் தொடுவதில்லை. அசைய முடியாமல் படுத்திருக்கும் நோயாளிக்கு வலி, பயம், மூச்சுத் தாகம் எல்லாம் முழுமையாகத் தெரியும். படுக்கையருகே நிற்பவர் இதை ஒரு நிமிடம்கூட மறக்கலாகாது.

அதுவரை கையாண்ட முறையும் அதன் குறையும்

1928இல் பாஸ்டனில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்ட இரும்பு நுரையீரல், தலையை மட்டும் வெளியே விட்டு உடலை ஒரு பெட்டிக்குள் அடைத்து, பெட்டியின் அழுத்தத்தைக் குறைத்து மார்பை விரியச் செய்கிறது. இயல்பான சுவாசத்திலும் மார்புக்குள் அழுத்தம் குறைந்துதான் காற்று உள்ளே வருகிறது. அந்த வகையில் இக்கருவி உடலின் முறையையே பின்பற்றியது. உதரவிதானம் மட்டும் செயலிழந்து, விழுங்கும் திறன் கெடாமல் இருந்தவர்கள் அதனால் பிழைத்தார்கள்.

விழுங்க முடியாதவர்களுக்கு அதே முறை எதிராகத் திரும்பியது. ஒவ்வொரு தடவை மார்பு விரியும்போதும் காற்றோடு தொண்டையில் தேங்கிய எச்சிலும் வாந்தியும் உள்ளே இழுக்கப்பட்டன. சிறு கிளைக் குழாய்கள் அடைபட, அவற்றுக்கு அப்பால், வாயுக்கள் மாறும் இடமான நுண்ணறைகள் காற்றிழந்து சுருங்கின. மார்புக் கவசம் இன்னும் பலவீனமானது; காய்ச்சலில், சளி நிறைந்த நுரையீரலைப் போதுமான அளவு விரிக்க அதற்குச் சக்தி இல்லை.

ஆய்வகம் தந்த எண், அதை வாசித்த விதம்

இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளிடம் ஒரே மாதிரியான அறிகுறிகள் காணப்பட்டன. நெற்றியிலும் மார்பிலும் வியர்வை கொட்டியது. ரத்த அழுத்தம் ஏறியது. மயக்கம் படிப்படியாக ஆழ்ந்தது. ரத்தத்தில் மொத்தக் கரியமில வாயுவின் அளவு மிக உயர்ந்திருப்பதாக ஆய்வகம் தெரிவித்தது. இந்த அளவில் பெரும்பங்கு பைகார்பனேட்டாகவே இருக்கும். பைகார்பனேட் காரப் பொருள் என்பதால், இது நோயால் உண்டான ஏதோ ஒரு காரமிகைநிலை என்று மருத்துவமனையில் கருதினார்கள். அந்தக் காலத்தில் ரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவை வார்டு நோயாளிகளுக்கு வழக்கமாகப் பார்ப்பதில்லை.

தலைமை மருத்துவர் லாசன், தம் உதவி மருத்துவர் ஒருவரின் யோசனைப்படி, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சனை ஆகஸ்ட் 25 அன்று ஆலோசனைக்கு அழைத்தார். இப்சன் பாஸ்டனில் பயிற்சி பெற்றவர். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கப்பட்டவருக்கு ரப்பர் பையை அழுத்தி மூச்சுக் கொடுப்பது அவருக்கு அறுவை அரங்கில் அன்றாட வேலை. நோயாளிகளின் குறிப்பேடுகளையும் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையையும் பார்த்த அவர், இது காரமிகை அல்ல, வெளியேற வேண்டிய கரியமில வாயு ரத்தத்தில் தேங்கிய நிலை என்று சொன்னார்.

மாணவர்கள் இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். கரியமில வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. வாயு தேங்கத் தேங்க அமிலமும் கூடும், பைகார்பனேட்டும் கூடும். அதோடு சிறுநீரகங்கள் ஈடுசெய்ய முனைந்து, நாள்கணக்கில் பைகார்பனேட்டை மேலும் சேர்த்துவைக்கும். ஆகவே உயர்ந்த பைகார்பனேட் இரண்டு நேர்மாறான நிலைகளிலும் காணப்படும். இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொண்டு, இருவருக்கும் பைகார்பனேட் லிட்டருக்கு 30 மில்லிமோல் என்று கொள்வோம். முதலாமவருக்குக் கரியமில வாயுவின் அழுத்தம் இயல்பான 40 மி.மீ. பாதரசம் என்றால் பிஹெச் ஏறக்குறைய 7.50, அது காரமிகை. இரண்டாமவருக்கு அந்த அழுத்தம் 80 என்றால் பிஹெச் ஏறக்குறைய 7.20, அது அபாயகரமான அமிலமிகை. ஒரே எண் இருவரின் அறிக்கையிலும் இருக்கிறது, சிகிச்சையோ முற்றிலும் வேறு.

ஆய்வக அளவு பிழையானது அல்ல, தனியாக வாசிக்கப்பட்டது. வியர்வையும் ரத்த அழுத்தமும் மயக்கமும் அருகிலேயே இருந்தன. கரியமில வாயு மிகும்போது பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு வியர்வை பெருகும், நாடியும் அழுத்தமும் ஏறும். மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து, தலைவலியும் குழப்பமும் தூக்கக் கலக்கமும் தொடரும். அவற்றை அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தவருக்கு விடை கிடைத்தது.

ஆகஸ்ட் 27: சிறுமியின் நிலை

இப்சன் தம் கருத்தைச் செய்து காட்ட ஒரு நோயாளி தேவைப்பட்டார். நான்கு கைகால்களும் செயலிழந்த 12 வயதுச் சிறுமி தேர்வானாள். காய்ச்சல் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தது. இடது நுரையீரல் காற்றிழந்து சுருங்கியிருந்தது. உதடும் நகங்களும் நீலம் பாய்ந்திருந்தன. தன் எச்சிலிலேயே மூழ்குபவளைப் போல அவள் திணறிக்கொண்டிருந்தாள். உடல் வியர்த்துக் குளிர்ந்து பிசுபிசுத்தது.

நீலம் பாய்ந்ததற்கு ஆக்சிஜன் குறைவு காரணம். அதற்குப் பின்னால் கரியமில வாயுவும் இருந்தது. நுண்ணறையில் ஒரு வாயு கூடினால் மற்றொன்றுக்கு இடம் குறையும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்குக் கரியமில வாயுவின் அழுத்தம் 40இலிருந்து 80க்கு ஏறினால், நுண்ணறையின் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100இலிருந்து 50க்கு இறங்கிவிடும். அவரிடமே 50 சதவீத ஆக்சிஜனைக் கொடுத்துப் பாருங்கள்: நுண்ணறையின் ஆக்சிஜன் அழுத்தம் 250க்கு மேல் போகும், நீலம் மறையும், உதடு சிவக்கும், கரியமில வாயு அதே 80இல் நிற்கும், அல்லது ஏறிக்கொண்டே போகும். இன்று விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நோயாளி மயக்கத்தில் ஆழ்வது இவ்வாறுதான். ஆக்சிஜன் ஏறுவதும் காற்று மாறுவதும் இரண்டு வேலைகள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, கழுத்தின் முன்புறம் குரல்வளைக்குக் கீழே துளையிட்டு, காற்றூதிய வளையம் கொண்ட ரப்பர் குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்துவது. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு ட்ரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. இதற்குக் காரணங்கள் மூன்று. வளையம் மூச்சுக்குழாயின் சுவரோடு ஒட்டி நிற்பதால் மேலிருந்து எச்சில் இறங்காது. குழாய் வழியே சளியை உறிஞ்சி எடுக்கலாம். காற்றை அழுத்தித் தள்ளும்போது அது வாய்வழியே கசிந்துபோகாமல் நுரையீரலுக்கே போகும். கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு: மூக்கு, தொண்டை ஆகிய பயனற்ற இடத்தில் நின்றுவிடும் காற்றின் அளவு கணிசமாகக் குறைகிறது.

அந்தப் பயனற்ற இடத்தின் கணக்கை மாணவர்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் ஒரு மூச்சுக்கு 500 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 12 தடவை சுவாசித்தால் மொத்தம் 6 லிட்டர். அதில் ஒவ்வொரு மூச்சிலும் 150 மி.லி. குழாய்களிலேயே நின்றுவிட, நுண்ணறைக்குச் சேர்வது 4.2 லிட்டர். தசை பலவீனமானவர் 250 மி.லி. வீதம் 24 தடவை சுவாசித்தாலும் மொத்தம் அதே 6 லிட்டர்தான். நுண்ணறைக்குச் சேர்வதோ 2.4 லிட்டர். மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு வாங்குபவர் நிறைய காற்று வாங்குகிறார் என்று தோன்றுவது தவறு. நுண்ணறைக்குச் சேரும் காற்று பாதியானால், ரத்தத்தின் கரியமில வாயு அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

துளையிட்ட பிறகு நடந்தது யாரும் எதிர்பார்த்தது அல்ல. சிறுமி பதற்றமடைந்து நினைவிழந்தாள். இப்சன் பையை அழுத்தினார். காற்று உள்ளே போகவில்லை. கிளைக் குழாய்கள் இறுகியிருந்தன. எஞ்சியிருந்த தசைகளால் அவள் பையின் தாளத்துக்கு எதிராக முட்டிக்கொண்டிருந்தாள். செயல்விளக்கம் பார்க்க வந்திருந்தவர்கள் நம்பிக்கையிழந்து விலகத் தொடங்கினர். அந்த நேரத்தில் இப்சன் எடுத்த இரண்டாவது முடிவு, பென்டதால் என்ற மயக்க மருந்தை 100 மி.கி. கொடுப்பது. மூச்சுக்குத் தவிக்கும் குழந்தைக்கு மூச்சை அடக்கும் மருந்தா என்று கேட்கத் தோன்றும். அவளுடைய சொந்த மூச்சு ஏற்கெனவே பயனற்றதாகி, செயற்கை மூச்சுக்குத் தடையாக மட்டுமே நின்றது. அதை நிறுத்தினால், கையிலிருக்கும் பை அந்த வேலையை முழுமையாக எடுத்துக்கொள்ளும் என்பது அறுவை அரங்கில் அவர் தினமும் கண்ட உண்மை. மருந்து சென்றதும் அவளது உடல் தளர்ந்தது, மூச்சு நின்றது. பையை அழுத்தினார்; மார்பு உயர்ந்தது.

தொடர்ந்து ரத்த அழுத்தம் இறங்கி, அதிர்ச்சி நிலை போன்ற கட்டம் ஒன்று வந்தது. இதற்கும் உடலியங்கியலில் விளக்கம் உண்டு. கரியமில வாயு வெளியேறியதும், அதுவரை அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்திருந்த பரிவு நரம்புத் தூண்டல் அடங்குகிறது. காற்றைத் தள்ளும் முறையில் மார்புக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறைகிறது. பென்டதாலுக்கும் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் தன்மை உண்டு. இன்றைக்கும் குழாய் போட்ட சில நிமிடங்களில் அழுத்தம் சரிவதை ஐசியுவில் பணிபுரியும் செவிலியர் அனைவரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் சிறுமியின் தோல் உலர்ந்து, கதகதப்பாகி, நிறம் திரும்பியது.

அடுத்து இப்சன் செய்தது இந்த நிகழ்வின் உயிர்நாடி. சிறுமியை மார்புக் கவசத்தின் பொறுப்பில் விட்டபோது கரியமில வாயு கூடியது. வியர்வையும் உயர்ந்த ரத்த அழுத்தமும் திரும்பின. பையால் காற்றுக் கொடுத்ததும் அவை மறைந்தன. போலியோவின் கடைசிக் கட்டம் என்று வார்டில் எண்ணியிருந்த அறிகுறிகளை, ஒரு பையை அழுத்தியும் நிறுத்தியும் மறைய வைக்கவும் வரவழைக்கவும் முடிந்தது.

வார்டு முழுவதும்

அடுத்த சில நாள்களிலேயே இம்முறை மற்ற நோயாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இத்தனை பேருக்கு இயந்திரங்கள் இல்லை. மருத்துவ மாணவர்களையும் பல் மருத்துவ மாணவர்களையும் ஷிஃப்ட் முறையில் அழைத்து, ஒவ்வொரு படுக்கையருகிலும் உட்கார வைத்தார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர்கள், மொத்தம் 1,65,000 மணி நேரம் கையால் பையை அழுத்தியதாகப் பதிவாகியுள்ளது. ஒரே சமயத்தில் சுமார் 70 நோயாளிகள் இவ்வாறு மூச்சுப் பெற்ற நாள்களும் உண்டு. சளியை உறிஞ்சுவது, புரட்டிப் படுக்கவைப்பது, உணவுக் குழாயைக் கவனிப்பது, குழாயின் வளையத்தைப் பார்ப்பது என்ற வேலைகளை இரவு பகலாகச் செய்தவர்கள் செவிலியர்கள். வரலாற்று நூல்களில் மாணவர்களின் எண்ணிக்கை கிடைக்கும் அளவுக்குச் செவிலியர்களின் உழைப்பு விரித்து எழுதப்படவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. சளி அடைத்த குழாய் வழியே எத்தனை தடவை பையை அழுத்தினாலும் காற்று போகாது.

கை எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக அழுத்த வேண்டும் என்பதற்கு அளவுகோலும் தேவைப்பட்டது. மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் போல் அஸ்ட்ரப் ரத்தத்தின் பிஹெச்சை அளந்து, மொத்தக் கரியமில வாயுவின் அளவோடு சேர்த்து, அதன் அழுத்தத்தைக் கணக்கிட்டார். நோயாளிகளுக்கு இருந்தது அமிலமிகை என்பது எண்ணால் உறுதியானது. இன்று நாம் பார்க்கும் ஏபிஜி (தமனி ரத்த வாயு) பரிசோதனையின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

விளைவு

சுவாசம் பாதிக்கப்பட்டவர்களிடையே 87 சதவீதமாக இருந்த இறப்பு, கொள்ளைநோய் முடிவதற்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1953 டிசம்பரில் கோபன்ஹேகனின் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் தொடங்கிய தனிப் பிரிவு, இன்றைய ஐசியுவின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. சில ஆண்டுகளில் டென்மார்க்கிலேயே, அழுத்தி விட்டால் தானாக விரிந்துகொள்ளும் பை உருவானது. அம்பு பேக் என்று நம் வார்டுகளில் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குவது அதுதான்.

சிறுமி பிழைத்தாள். கழுத்துக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. செயற்கைச் சுவாசத்தின் துணையோடு பல ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்து, பின்னர் வீடு திரும்பி, 1971 வரை வாழ்ந்தாள்.

இன்று எவை மாறும்

இன்று அதே நிலையில் ஒருவர் வந்தால் கழுத்தில் துளையிடுவதற்கு முன் வாய்வழியே குழாய் போடுவார்கள். பல நாள்களுக்குச் செயற்கைச் சுவாசம் தேவை என்று தெரிந்த பிறகே ட்ரக்கியாஸ்டமி. வெளிமூச்சின் கரியமில வாயுவை ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் காட்டும் கருவி இருக்கிறது. மூக்கைத் தவிர்த்துச் செல்லும் காற்றை ஈரமாக்கிச் சூடாக்க வடிகட்டி உண்டு. இவை தெரிந்தவை. என் கருத்தில் மிக முக்கியமான மாற்றம் நேரம்தான்: நீலம் பாய்ந்து, வியர்த்து, மயங்கிய பிறகு கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, பல மணி நேரம் முன்பே கண்டுபிடிக்க முடியும். அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் படுக்கையருகே இருக்கும் செவிலியர்.

இந்தியா 2014இல் போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. ஆனால் அந்தச் சிறுமியின் உடலில் நடந்ததற்கு நெருக்கமான ஒன்றைத் தமிழ்நாட்டின் அவசரப் பிரிவுகளில் இன்றும் பார்க்கிறோம். இரவில் தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் தீண்டியவர் கடிவாயில் வீக்கமே இல்லாமல் வருவார். முதலில் இமை தொங்கும். பிறகு பேச்சு மூக்கால் வரும், எச்சில் வாயோரம் வழியும், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை விஷம் தடுப்பதால், நுரையீரல் நன்றாக இருக்கும்போதே மூச்சு குறைகிறது. நரம்புகளே பாதிக்கப்படும் கில்லன் பாரே நோயிலும் நுரையீரல் நன்றாக இருக்கும்போதே மூச்சு குறையும்.

இத்தகைய நோயாளிக்கு ஆக்சிமீட்டரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. மூச்சின் எண்ணிக்கையை முழு நிமிடத்துக்கு எண்ண வேண்டும். கையை மேல்வயிற்றில் வைத்து, உள்மூச்சின்போது வயிறு வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே போனால் உதரவிதானம் தளர்ந்துவிட்டது என்று பொருள். நன்றாக மூச்சு இழுத்துவிட்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, எத்தனை வரை போகிறார் என்பதை மணிக்கு மணி குறித்துவைக்க வேண்டும். முதலில் 30 வரை எண்ணியவர் அடுத்த மணியில் 22இலும் அதற்கடுத்து 14இலும் நின்றால், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 98 இருந்தாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். சளியை உறிஞ்சும் சக்ஷன் கருவி ஓடுகிறதா என்று பார்த்து, ஆக்சிஜனோடு இணைத்த அம்பு பேக்கைத் தலைமாட்டில் தயாராக வைக்க வேண்டும். நோயாளி கண்ணைத் திறக்க முடியாவிட்டாலும் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால், செய்யப்போகும் ஒவ்வொன்றையும் அவரிடம் சொல்லிச் செய்ய வேண்டும்.

ஏபிஜி அறிக்கை வந்ததும் முதலில் பிஹெச்சைப் பார்க்க வேண்டும், அடுத்துக் கரியமில வாயுவின் அழுத்தத்தை. பைகார்பனேட்டை அவ்விரண்டுக்கும் பிறகே வாசிக்க வேண்டும்.